ஹஸனின் முன்பல்

கொட்டாஞ்சேனை யோகேஸ்வரிக்கு வாய் சும்மா இருக்காது. எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்கும் விளக்கமறியல் சிறை வாசலில், சாப்பாட்டுப் பையும் கையுமாக நின்றபடியே மட்டக்குளி அஸீஸாவைச் சிநேகிதம் பிடித்துவிட்டாள். இருவரின் கணவன்மாரும் உள்ளே ஒரே மண்டபத்தில். அதன்பின் ஒரே ஓட்டோவில்தான் வருவார்கள். வழியெல்லாம் அந்த இரண்டு பேரையும் திட்டுவார்கள், பொழுது போய்விடும்.

யோகேஸ்வரியின் கணவன் சாந்தகுமார் பழைய இரும்பு வியாபாரி. திருட்டுச் செப்புக் கம்பி வாங்கியதாக வழக்கு. அஸீஸாவின் கணவன் ஹஸன், லைசன்ஸ் இல்லாமல் லொறி ஓட்டி ஆளை இடித்தவர். சாந்தகுமாருக்கு அடுத்த வழக்குத் தவணையில் பிணை நிச்சயம் என்றிருந்தது. அதற்குள் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. நூறு பேருக்கான மண்டபத்தில் முந்நூறு பேரை அடைத்தால் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். ஒருவர் புரண்டால் வரிசையே புரள வேண்டும். தூக்கத்தில் ஹஸனின் முழங்கை முகத்தில் இடிக்க, சாந்தகுமார் எழுந்து விட்டார் ஒரு குத்து. ஹஸனின் முன்பல் போய்விட்டது.

அடைத்து வைத்தவர்கள் மேல் வழக்கு இல்லை, அடித்தவன் மேல்தான்.

"பல்லு உடைஞ்சால் கடுங்காயம், சமாதானமா முடிக்கேலாது. பிணையை மறந்திடுங்கோ," என்றார் லோயர் நமசிவாயம். "வெறும் வீக்கமெண்டால் ஹஸன் ஓமெண்டாலே முடிஞ்சிருக்கும்."

அன்றைக்குத்தான் யோகேஸ்வரி வாயை மூடினாள். மறுநாள் பஸ்ஸில் தனியாக வந்து, வரிசையின் கடைசியில் ஒளிந்து நின்றாள். அஸீஸா தேடி வந்துவிட்டாள்.

"ஏன் ஓட்டோவுக்கு வரல்ல?"

"எந்த மூஞ்சியோட வர்றது?"

அஸீஸா குரலைத் தாழ்த்தினாள். "அது கட்டின பல்லு. வெளிய ஒருத்தருக்கும் தெரியா. கலியாணத்துக்குப் பொறகுதான் எனக்கே சொன்னார். லோயருக்குச் சொல்லுங்க, டொக்டர் வாயப் பாக்கட்டும்."

"அவரு கோவிச்சுக்க மாட்டாரா?"

"கோவிப்பார்தான்."

உடைந்தது கட்டின பல், மற்றப்படி வெறும் வீக்கம்தான் என்ற வைத்திய அறிக்கையை நீதிமன்றில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்கள். ஹஸன் வாயைப் பொத்திக்கொண்டு சமாதானத்துக்குத் தலையாட்டினார். சாந்தகுமாருக்குப் பிணை கிடைத்தது. திரும்பக் கொண்டுபோகும்போது ஹஸன் மனைவியிடம், "இனி என்னப் பாக்க வராத," என்றார். யோகேஸ்வரிக்குத் தன் சந்தோஷமே வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளும் அஸீஸா சமைத்தாள். கொண்டுபோகத்தான் ஆளில்லை. யோகேஸ்வரி போய்ப் பார்த்துவிட்டு வந்து கணவனிடம் சொன்னாள். சாந்தகுமார் ஷேர்ட்டை மாட்டிக்கொண்டு மட்டக்குளிக்குப் போனார்.

"பையக் குடு தங்கச்சி. அடிச்சது நானு. கோவத்த என் மேல காட்டட்டும்."

கம்பிக்கு அந்தப் பக்கம் ஹஸன் வந்தார். பையைப் பார்த்தார். சாந்தகுமாரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவ ஏன் வரல்ல?" என்று கேட்டார்.