மதினியின் மணைப்பலகை

எங்கள் வீட்டில் ஒரு மணைப்பலகை இருக்கிறது. வேங்கை மரம், அடியில் இரண்டு கட்டைகள், கனம் அதிகம். என் அண்ணனும் மதினியும் தாலிகட்டின அன்று சேர்ந்து உட்கார்ந்த பலகை அது. அதற்குப் பிறகு அதன்மேல் யாரும் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. மேல்பக்கம் முழுக்கக் கருநீல மைக்கறை. வலது ஓரத்தில், எழுதுகிற கையின் மணிக்கட்டு உரசி உரசி, ஒரு கையகலத்துக்கு மரம் கண்ணாடியாக வழுக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், "இதைத் தேய்த்துக் கழுவி பாலிஷ் போடலாமே" என்பார்கள். அந்தப் பேச்சை எடுத்தவர்களுக்கு நான் இரண்டாவது காப்பி கொடுப்பதில்லை.

மதினி குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாய வீட்டிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வாக்கப்பட்டு வந்தபோது உலக யுத்தம் என்கிற பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அண்ணன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நான் ரயில்வே ஸ்டேஷனில் சரக்கு பதிகிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்களுக்கு அப்பா அம்மா கிடையாது. ஆகையால் அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர், பிறகு மதினிக்குப் பிறந்து தொட்டிலில் ஒருவன். மாமியார் இல்லாத வீடு என்பதால் மதினிக்கு வேலை குறைவு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டு ஆம்பளைகளுக்குப் பொங்கிப்போட்டவர்களுக்குத் தெரியும், மாமியார் இருந்தால் கூடமாட ஒத்தாசையாவது இருந்திருக்கும்.

அவர் கதை எழுதுகிறார் என்பதே எங்களுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. காலையில் அடுப்பில் உலை வைத்ததும் மணைப்பலகையை மடியில் வைத்துக்கொள்வார். சப்பணமிட்டு உட்கார்ந்தால் அதன் கட்டைகள் இரண்டும் தொடைக்கு வெளியே சரியாகப் பொருந்தும். உலை கொதித்து, அரிசி போட்டு, சோறு வடிக்கிற பக்குவம் வரும்வரை எழுதுவார். கஞ்சி வடிக்க எழுந்தால் அன்றைய எழுத்து முடிந்தது. மறுபடி தொடமாட்டார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருந்தார். முடிக்க இரண்டு வார்த்தைதான் வேண்டும். "இதை முடிச்சுட்டு எந்திரிச்சா என்ன மதினி?" என்று கேட்டேன்.

"என்ன கொழுந்தனாரே, வேவு பாக்கீயளோ?" என்று சிரித்துவிட்டுச் சொன்னார்: "எங்கய்யா கிணத்துல தண்ணி கிடக்கும்போதே, மாடு பூட்டி இறைக்கிற கமலையை நிறுத்திருவாரு. அப்பத்தான் மறுநா காலையில ஊறிக் கிடக்கும். ஆசைப்பட்டு அடிவரைக்கும் இறைச்சா சகதிதான் வரும். மாடும் செத்துப்போவும்."

மானம் பார்த்த பூமியில் ஒரே ஒரு கிணற்றை வைத்துக் குடும்பம் நடத்தியவரின் மகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிற்காலத்தில் எழுத்தாளர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிட்டு ஆறு மாசம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதினி ஒருநாளும் விட்டத்தைப் பார்த்ததில்லை. பார்த்தால் ஒட்டடைதான் கண்ணில் பட்டிருக்கும், உடனே கம்பை எடுத்திருப்பார்.

சிறுகதைகள் நாலைந்து அச்சில் வந்தபின், மெட்ராஸில் இருந்த ஒரு வாரப் பத்திரிகை தொடர்கதை கேட்டது. அண்ணனுக்குக் கொஞ்சம் கூச்சம். ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, "ஏம் வே, உம்ம வீட்டம்மா கதை எழுதுதாகளாமே, வீட்டுக் கதையெல்லாம் வெளிய வந்துருமே" என்று கேட்டாராம். "வந்தா வாங்கிப் படிங்க அண்ணாச்சி, ஓசியில கேக்காதீங்க" என்று அண்ணன் பதில் சொல்லிவிட்டு வந்தான். வாழ்க்கையில் அவன் மேலதிகாரியை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று, அன்றிலிருந்து அவனும் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டான்.

என் பங்கு, எழுதினதைத் தபாலில் சேர்ப்பது. வாராவாரம் அத்தியாயத்தை மடித்து, பழுப்புத்தாள் சுற்றி, நெசவுத்தெருவிலிருந்து வாங்கிய தறிநூலால் கட்டி என் கையில் கொடுப்பார். சாயங்கால ரயிலில் தபால் ஏற்றிப்போகிற பெட்டி ஒன்று கோத்திருக்கும். அதன் பக்கவாட்டுத் துவாரத்தில் நானே போடுவேன். குழந்தைக்கு மாந்தம் வந்த வாரமும் கட்டு வந்தது. அடைமழையில் விறகெல்லாம் நனைந்து அடுப்பு எரியாத வாரமும் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர், "வண்டி லேட்டா வரும், உங்க மதினி கட்டு லேட்டா வராது" என்று சொல்லும்போது, அந்தப் பெருமையில் பாதி எனக்கும் உண்டு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

கதை பேச்சி என்கிற ஒருத்தியைப் பற்றியது. அவள் புருஷன் பிழைக்க ரங்கூன் போனவன். சண்டை வந்தது, குண்டு விழுந்தது, நடந்தே திரும்பியவர்கள் திரும்பினார்கள். அவன் வரவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை. பேச்சி தாலியோடு, பொட்டோடு, ஒரு தகவலும் இல்லாமல் காத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் அப்படிக் காத்திருந்தவள் தெருவுக்கு ஒருத்தி இருந்தாள்.

நெசவுத்தெருவில் தறிக்கு நூல்தார் சுற்றுகிற பெண்களில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிப்பாள். மற்றவர்கள் ராட்டை சுற்றிக்கொண்டே கேட்பார்கள். அவர்களிடம் கேட்டவர்கள் சந்தைக்கு வந்தவர்களிடம் சொன்னார்கள். கதை கரிவலம்வந்தநல்லூர் போயிற்று, பனவடலிசத்திரம் போயிற்று. போகப்போக அது கதை என்பது மட்டும் வழியில் எங்கேயோ தவறிவிட்டது. அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பெண்கள் கோவிலை நூற்றெட்டுத் தடவை வலம்வந்து ஆடிச்சுற்று சுற்றினார்கள். பிள்ளை வேண்டும், நோய் தீரவேண்டும் என்று சுற்றுவது வழக்கம். அந்த வருஷம் ஒரு கூட்டம், பேச்சி புருஷன் திரும்பி வரவேண்டும் என்று சுற்றியது. பேச்சிக்கு உடம்புக்கு முடியவில்லை என்று முந்தின வாரம் மதினி எழுதியிருந்தார். அதனால் அவளுக்குப் பதிலாகத் தாங்கள் சுற்றுவதாக வேண்டிக்கொண்டார்களாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பத்திரிகையின் துணையாசிரியர் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினார். நான்தான் ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். வழியில் தேரடியிலும் ரத வீதியிலும் பெண்கள் பேச்சியைப் பற்றிப் பேசியதைக் கேட்டு அவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மதினி முடிவைச் சுருக்கமாக எழுதி முன்பே தெரிவித்திருந்தார்: புருஷன் வரமாட்டான், பேச்சி இட்லிக்கடை போடுவாள். அதை மாற்றச் சொல்லத்தான் மனிதர் அத்தனை தூரம் வந்திருந்தார்.

சாப்பிட்டுக் கைகழுவி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "அம்மா, அவன் வந்தாகணும். வாசகர்கள் அதுக்குத்தான் காத்திருக்காங்க. நீங்க அப்படி எழுதிக்கொடுத்தா அடுத்த இதழிலேயே உங்க புதுத் தொடரை அறிவிச்சிடறோம். இல்லேன்னா ஆசிரியர் இனிமே உங்களைக் கேக்கறது சந்தேகம்தான்."

அண்ணன் மதினியைப் பார்த்தான். அடுத்த தொடர் என்பது சின்ன விஷயமில்லை. தொடர் எழுதினால்தான் பெயர் நிற்கும், பெயர் நின்றால்தான் புத்தகம் போட ஆள் வருவார்கள். சங்கரன்கோவிலில் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை மெட்ராஸ்காரர்கள் இரண்டாவது தடவை தேடி வரமாட்டார்கள் என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது.

மதினி பதில் சொல்லுமுன் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு அக்கா. அதற்கு முன் நாங்கள் அவளைப் பார்த்ததில்லை. ஆடிச்சுற்று சுற்றிய கால் வீங்கியிருந்தது. கையில் வாழையிலைத் துண்டில், கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண். அவள் புருஷனும் பர்மா போனவன் என்று பேச்சிலேயே தெரிந்தது. மதினியிடம் இலையை நீட்டி, "இதை அவ நெத்தியில பூசிவிடு தாயி. எனக்கு வேண்டிக்கிட்டுப் பலிக்கல. அவளுக்காவது பலிக்கட்டும். அவ புருஷனைக் கொண்டாந்து சேத்துரு" என்றாள்.

"பார்த்தீங்களாம்மா" என்றார் துணையாசிரியர், மெதுவாக. அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

மதினி மண்ணை வாங்கினார். பேச்சி என்று ஒருத்தி கிடையாது என்று அவர் சொல்லவில்லை. விரலால் தொட்டுத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். பிறகு அந்த அக்காவுக்குச் சோறு போட்டு, காலுக்கு எண்ணெய் கொடுத்து அனுப்பிவைத்தார். துணையாசிரியரிடம், "எழுதி அனுப்புதேன்" என்று மட்டும் சொன்னார். எப்படி என்று அவர் கேட்கும்போது அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை சோறு குழைந்துவிட்டது. மதினி பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் எழுதாமல் இருந்தார். அதற்கடுத்த நாள் சோறு அடிப்பிடித்தது. அண்ணன் கருகின சோற்றைத் தின்றுவிட்டு ஆபீஸ் போனான். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஆளு சொன்னபடியே எழுதிருங்க மதினி. ஊரே சந்தோசப்படும், அந்த அக்காவும் சந்தோசப்படுவா. கதைதானே" என்றேன்.

"இந்த ஒரு கதையோட நிறுத்திக்கிடுதவளா இருந்தா எழுதிருவேன்" என்றார் மதினி. "நான் கிழவியாகி கண்ணு தெரியாமப் போற வரைக்கும் எழுதணும். அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்தான்னு இன்னைக்கு எழுதிட்டா, நாளைக்கு எந்த நம்பிக்கையில இந்தப் பலகையை மடியில எடுத்து வைப்பேன்? அந்த அக்காவும் வீட்டுக்குப் போயி வாசலைப் பாத்துக்கிட்டு இன்னும் பத்து வருசம் உக்காந்துருவா."

அன்று சோறு சரியாக வடிந்தது. சாயங்காலம் தறிநூல் கட்டிய கட்டை என் கையில் கொடுத்தார். தபால் பெட்டியின் துவாரத்தில் அதைப் போட்டேன். ஒரு தொடர்கதை போகிறதா, எங்கள் வீட்டு எழுத்தே போகிறதா என்று தெரியாமல், ரயில் கண்ணுக்கு மறையும்வரை நின்றிருந்தேன்.

பத்திரிகை அதை அப்படியே போட்டது. வேறு போட நேரமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். புருஷன் வரவில்லை. பேச்சி ஒரு விடியற்காலையில் குளித்து, யாரோ ஒரு முகம் தெரியாத சகோதரி தனக்காக ஆடிச்சுற்று சுற்றிக் கொண்டுவந்த புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, முதல் இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறாள். அதோடு கதை முடிந்தது. புதுத் தொடர் அறிவிப்பு எதுவும் வரவில்லை. துணையாசிரியரிடமிருந்தும் சத்தமில்லை.

நாலைந்து வாரம் கழித்து அந்த அக்கா மறுபடி வந்தாள். அழப்போகிறாளோ, ஏசப்போகிறாளோ என்று நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் குடுத்த மண்ணைப் பூசிக்கிட்டாளாமே" என்றாள்.

"ஆமா" என்றார் மதினி.

அவள் சொம்பைத் தள்ளி வைத்தாள். பிறகு, "கடை எங்கன போட்டா?" என்று கேட்டாள்.

மதினி கதையில் அதை எழுதியிருக்கவில்லை. "எங்கன போட்டா நல்லாருக்கும்? நீ சொல்லு" என்றார்.

"ஸ்டேஷன் பக்கம் போடச் சொல்லு தாயி. காலை வண்டிக்கு வாரவுக பசியோட வருவாக."

அடுத்த தைக்கு ஸ்டேஷன் வெளிவாசலில், வேப்பமரத்தடியில், ஓலைச்சாய்ப்பு இறக்கி அவளே கடை போட்டாள். காலை வண்டிக்கு வருகிற நாங்கள் அத்தனை பேரும் அங்கேதான் சாப்பிட்டோம். மதினியின் எழுத்தைப் பற்றிப் பிறகு எத்தனையோ மேடைகளில் பெரிய பெரிய வார்த்தைகளில் பாராட்டினார்கள். நான் எல்லாவற்றுக்கும் கைதட்டினேன். ஆனால் அந்த இட்லியை வாயில் போடும்போது எனக்கு வந்த கர்வம் எந்த மேடையிலும் வந்ததில்லை. என் மதினி எழுதி ஆவி பறந்த இட்லி அது.

ஒன்றரை வருஷம் எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மதினி உலை வைத்ததும் பலகையை எடுத்தார். அப்படி யாருக்கென்று தெரியாமல் எழுதிச் சேர்ந்ததுதான், பின்னால் வேறொரு பத்திரிகை கேட்டபோது முழு நாவலாகத் தயாராக இருந்தது. அதன் பிறகு அவர் நின்றதே இல்லை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், அண்ணன் போனான், விறகு அடுப்பு போய் மண்ணெண்ணெய் வந்தது, அதுவும் போய்க் கேஸ் வந்தது. கேஸில் சோறு சீக்கிரம் வெந்துவிடுகிறது, எழுத நேரம் பத்தவில்லை என்று அடுப்பைக் குறைத்து வைத்து எழுதினார். எத்தனை நாவல் என்று கேட்டால் அவருக்கே கணக்குத் தெரியாது. எத்தனை வாரம் கட்டுத் தவறியது என்று கேட்டால் தெரியும். தவறவில்லை.

கடைசி நாளும் அப்படித்தான். வடித்த சோறு மூடியிருந்தது. மதினி சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் பலகை, அதன்மேல் தாள், தாளில் பாதி வாக்கியம். துக்கம் கேட்க வந்த ஓர் எழுத்தாளர் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பாதியில் நின்றுபோயிற்றே" என்று கலங்கினார்.

"பாதியில் நிற்கவில்லை" என்றேன். "அவர் தினமும் இப்படித்தான் நிறுத்துவார். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது."

இன்று காலையும் அந்தப் பலகையைத் துணியால் ஒற்றித் துடைத்து வைத்தேன். கறை போகாமல் துடைக்க எனக்கு மட்டும்தான் தெரியும்.