பதினோரு படங்களுக்குப் பின்னால் ஒரு விடுதி

துண்டறிக்கை எழுதுகிறவனுக்கு வாசகர்கள் கிடையாது. நடந்து போகிறவர்கள்தான் உண்டு. நோட்டீஸ் கட்டோடு வெயிலில் நின்று பழகியவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காவிரித் தண்ணீருக்கும் நடவுக் கூலிக்குமாக முப்பது ஆண்டுகள் எழுதினேன். என் வரிகளை மேடையில் முழங்கியவர்கள் இன்று காரில் போகிறார்கள், கண்ணாடியை இறக்குவதில்லை. போகட்டும். நான் கல்லூரிக்குள் போனவன் அல்ல. அதன் வாசல்வரை போய்க் கோஷம் போட்டவன். என் படிப்பெல்லாம் நோட்டீஸ் படிப்பு.

அழைப்பு

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆள் வந்தபோது, பழைய வழக்கு ஏதோ கிளம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். வந்தவர் அலுவலகக் கண்காணிப்பாளர் ராஜகோபால். நான் வாசலில் ஒட்டியதையெல்லாம் கிழித்துப் போட்டவர் அவர்தான். புது மாணவர்களுக்குச் சேர்க்கைக் கடிதத்தோடு தபாலில் அனுப்புகிற கையேட்டை யாரும் படிப்பதில்லையாம். அதைத் திருத்தி எழுதித் தர வேண்டுமாம். பேராசிரியர்கள் இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்க நோட்டீஸை மட்டும்தாங்க நாங்க படிச்சுட்டுக் கிழிப்போம்."

பழைய கையேடு

முதல் பதினோரு பக்கமும் பெரியவர்களின் படங்கள், பதவி வரிசையில், வாழ்த்துரையோடு. விடுதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில், விளையாட்டு மைதான விதிகளுக்குக் கீழே இருந்தது. முதல் நாளே விண்ணப்பம் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் மூன்றாம் நாள் போய் நின்றவள் மெஹ்ராஜ். பேராவூரணிக்குத் தெற்கே கடலோரத்து ஊர். ஒரு வருடமாக விடியுமுன் பஸ் ஏறி வந்து போகிறாள்.

கையேட்டைப் பற்றி மாணவர்களிடம் கருத்துக் கேட்க உட்கார்ந்தபோது, மற்றவர்கள் அட்டையின் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். இவள் தங்கையைப் பற்றிப் பேசினாள். தங்கை ஷமீனாவுக்கு இந்த வருடம் இங்கேயே இடம் கிடைத்துவிடும் போலிருந்தது. ஆனால் இரண்டு பெண்களை இருட்டில் பஸ் ஏற்றிவிட உம்மா தயாராக இல்லை. முதல் நாளே போனால் விடுதி கிடைக்கும் என்று மெஹ்ராஜ் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். உம்மா சொன்ன பதிலை அப்படியே எங்களிடம் சொன்னாள்: "போன வருஷமும் விடுதி கிடைக்கும்னுதான் சொன்னே. காலேஜ் புத்தகத்துல என் கண்ணுக்குத் தெரியுற மாதிரி போட்டிருந்தாக் காட்டு, அனுப்புறேன்."

என் முதல் படி

அன்று மாலையே உட்கார்ந்து விடுதிப் பக்கத்தை முதல் பக்கமாக எழுதினேன். கை பழக்கப்பட்ட பாதையில் போய்விட்டது. "விடுதி நமது உரிமை! அலைகடலெனத் திரண்டு வாரீர்!" என்று தொடங்கி, எந்த நாள், எத்தனை மணி என்பதை எழுதாமலே முடித்திருந்தேன். கீழே மூன்று கோரிக்கைகள் வேறு. எழுதியது எனக்கு மிகவும் பிடித்துப்போய் இரண்டு முறை உரக்கப் படித்தேன். ராஜகோபால் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, பிள்ளைங்க இன்னும் சேரவே இல்லை. அதுக்குள்ள ஸ்டிரைக்குக் கூப்பிடுறீங்களே."

பேருந்து நிலையத்தில்

திருத்தி எழுதினேன். என்ன நாள், எத்தனை மணி, எந்த அறை, என்னென்ன காகிதம்: நான்கே வரி, பெரிய எழுத்தில். இப்போது ராஜகோபால் வேறொரு இடத்தில் மறித்தார். பெரியவர்களின் படத்துக்கு முன்னால் விடுதியைப் போடுவது மரபில்லை. வேண்டுமானால் பன்னிரண்டாம் பக்கம் தரலாம் என்றார். தபாலில் வந்ததைப் பதினோரு பக்கம் புரட்டிப் பார்க்கிற உம்மாவை எனக்குத் தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் பத்து அடி பின்னாலேயே போக வேண்டும். பத்தாவது அடியிலும் அது கண் முன்னால் இருந்தால் எழுத்து தேறிவிட்டது. பழைய கையேட்டில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றேன். ஒருவர் விசிறிக்கொண்டார். ஒரு குடும்பம் வரிசையாக விரித்து உட்கார்ந்தது. என் நான்கு வரியை நகலெடுத்துக் கொடுத்தபோது, ஒரு பெண் நடையை நிறுத்தி, பக்கத்தில் இருந்தவளுக்கும் படித்துக் காட்டினாள்.

அங்கே கீழே கிடந்ததையெல்லாம் பொறுக்கி வந்து மறுநாள் பதிவாளர் மேசையில் வைத்தேன். பழைய கையேடு ஒன்றில் அவருடைய படத்தின் மேலேயே யாரோ கடலைத் தோல் உரித்திருந்தார்கள். ராஜகோபால் கண்ணை மூடிக்கொண்டார். பதிவாளர் தோலை ஊதித் தள்ளிவிட்டுச் சிரித்தார். "என்னைக் கடைசிப் பக்கத்துல போடுங்க. கடலை தின்னு முடிச்சவங்க நிதானமாப் பார்க்கட்டும்."

முதல் நாள்

விடுதி அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். வேலை எதுவும் இல்லை, வேடிக்கைதான். பத்து மணிக்கு முன்பே வரிசை வேப்பமரத்தைத் தாண்டியிருந்தது. எல்லார் கையிலும் காகிதங்கள். ஷமீனா ஏழாவது ஆள். பக்கத்தில் உம்மா, பாலித்தீன் உறைக்குள் கையேடு. மெஹ்ராஜ் தூரத்திலிருந்தே என்னைக் காட்டிச் சிரித்தாள்.

பத்தரை ஆகியும் ஜன்னல் திறக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த விடுதிக் காப்பாளர், சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னார். கோஷம் போட எனக்குத் தொண்டை நமநமத்தது. அதற்குள் உம்மா வரிசையை விட்டு முன்னால் போய், உறையைப் பிரித்து, முதல் பக்கத்தில் விரலை வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "பத்து மணின்னு நீங்கதான் அச்சுப் போட்டிருக்கீங்க. நான் கடல்கரைலேருந்து வந்துட்டேன். நீங்க பக்கத்து ரூம்லேருந்து வரக் கூடாதா?"

ஜன்னல் திறந்தது, ஷமீனாவுக்குக் கட்டில் கிடைத்தது. முப்பது ஆண்டுகளாகத் திரண்டு வாரீர் என்று எழுதியவனுக்குச் சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் கூட்டம் சேர்ந்தது அந்த ஒரு நாள்தான், அன்றைக்கும் கோரிக்கையைப் பேசி முடித்தது வேறொருவர்.