இடது பக்கக் கோடு

ஆறாவது ஞாயிறு, காலை ஏழரை மணி. தரையில் ஒட்டியிருந்த டேப் குறிகளுக்குள் நாற்காலியின் கால்கள் சரியாக நிற்கும்படி மகள் இழுத்துப் போட்டாள். அம்மா வந்து உட்கார்ந்து, மேசைமேல் அடுக்கியிருந்த நான்கு தடித்த புத்தகங்களில் மோவாயை வைத்தாள். அவள் கன்னத்தோரம் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை மகள் ஒட்டினாள்.

"சும்மா இரும்மா. ஆச்சு. இப்போ முறை."

"முப்பத்தோரு வருஷம் சம்பளம் வாங்கிட்டு முறைச்சவ நான். ஓசியில முறைக்கச் சொல்றே."

"இப்போ சிரி."

அம்மா சிரித்தாள். மகளின் போனில் மூன்று படங்கள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அம்மா குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். உடைந்த குழாய், வராத தண்ணீர், வந்தும் நாறும் தண்ணீர் எல்லாம் அந்த ஒரு ஜன்னலுக்குத்தான் வரும். கேட்டுக் கேட்டே புருவங்களுக்கு நடுவில் செங்குத்தாக இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பதினொண்ணு'. அது அவளுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற நாளில், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "பதினொண்ணு கிளம்புது, இனிமேலாவது எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா இருங்க" என்றாள். மேலதிகாரிக்கு முகம் செத்துப்போனது.

வாய்ப் புகாரை அவள் வாங்கவே மாட்டாள். "எழுதிக் குடுங்க. எங்க ஒழுகுது, எப்பலேருந்து ஒழுகுது, எவ்வளவு ஒழுகுது. வாயால சொன்னது காத்தோட போயிரும்." அலுவலகத்தில் புகார்ப் படிவம் மாறியபோது குப்பைக்குப் போகவிருந்த பழைய கட்டுகள் வீட்டுக்கு வந்தன. மளிகைப் பட்டியல்கூட அவற்றின் பின்பக்கத்தில்தான்.

மகளுக்கு முகப்பூச்சு தயாரிக்கும் சிறிய ஆலையில் ஆய்வுக்கூட வேலை. முறைத்தும் சிரித்தும் விழுந்த கோடுகளைக் குறைக்கும் பூச்சு ஒன்றை ஆலை கொண்டுவர இருந்தது. அதில் எந்தப் பெப்டைடைச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை மணிபோல் கோத்த சிறு சரம். கையில் இரண்டு இருந்தன. முதலாவது, ஆறு மணிச் சரம். நரம்பு தசைக்கு இடும் கட்டளையின் குரலைத் தணிக்கும் என்றார்கள். இன்னொன்று மூன்று மணி. பாம்பு விஷத்தில் உள்ள ஒன்றைப் பார்த்துச் செய்தது. காகிதத்தில் இரண்டுமே வேலை செய்தன. காகிதத்தை எழுதியவர்கள் விற்பவர்கள். தோலைத் தாண்டித் தசைவரை போகிறதா என்பதைப் பற்றி அதில் அதிகம் இல்லை.

ஆலையின் சோதனைக்கு முன்னால் மகள் வீட்டில் ஒரு சோதனை வைத்தாள். ஒரே முகம். இடது பாதிக்கு ஒரு ஜாடி, வலது பாதிக்கு ஒரு ஜாடி, நெற்றியிலிருந்து மோவாய்வரை. எட்டு வாரம்.

"எந்தப் பக்கம்டி பாம்பு?"

"எனக்கே தெரியாது. மேனேஜர் லேபிளைக் கிழிச்சுத்தான் குடுத்தார். தெரிஞ்சா கண்ணு ஏமாத்தும். இன்னொண்ணும்மா. எட்டு வாரம் முடியற வரைக்கும் முகத்துல என்ன தோணினாலும் எங்கிட்ட சொல்லாதே. நீ சொன்னா நான் அதையேதான் தேடுவேன்."

"அரசாங்க உத்தரவா?"

"ஆமா."

"அப்போ சரி."

ஆலையில் நடக்கும் சோதனைகளில் உபாதை ஏதும் உண்டா என்று வாரா வாரம் கேட்டு எழுத ஒரு பக்கம் உண்டு. அம்மாவுக்கு எதற்கு என்று அந்தப் பக்கத்தை மகள் அச்செடுக்கவில்லை.

நான்காம் வாரம் மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடு இடது பக்கம் ஆழம் குறைந்திருந்தது. ஐந்தாம் வாரம் இன்னும் குறைந்தது. வலது பக்கம் அப்படியே. நெற்றியில் இரண்டு பக்கமும் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே மகள் நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரே ஜாடி, ஒரே பக்கம். கன்னத்தில் வேலை செய்வது நெற்றியில் ஏன் செய்யவில்லை? 'வாயோரத் தோல் மெல்லியது' என்று குறிப்பேட்டில் எழுதினாள். ஆசைக்குக் காரணமா கிடைக்காது?

ஆறாவது ஞாயிறு மதியம் சித்தி வந்தாள்.

"என்னக்கா, வாய் ஒரு பக்கமா போகுது? யாரை நக்கல் பண்றே?"

"உன்னைத்தான்டி. நேரா சிரிச்சா உனக்கு உறைக்காதே."

மகள் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "கோணல் இல்ல சித்தி! இடது பக்கம் கோடு கரையுது. வலது பக்கம் அப்படியே இருக்கறதால உனக்குக் கோணலா தெரியுது."

"அப்போ எனக்கு ரெண்டு பக்கத்துக்கும் இடது ஜாடியே குடுத்துடு."

மூவரும் சிரித்தார்கள். அம்மாவின் வலது கன்னம் மட்டும் மேலே போனது. மகள் அதைப் பார்த்தாள். பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

புதன்கிழமை காலை அம்மா குளியலறையில் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாய்க் கோணல் எப்போதிலிருந்து என்று கேட்டார். மகள் வார வரிசையில் படங்களைக் காட்டினாள். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். மூன்றாம் வாரத்துக்குத் திரும்பினார். மறுபடி நான்காம் வாரம்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் படம் எடுத்துட்டு வந்ததில்ல" என்றார். பிறகு, "இந்த ரெண்டுக்கும் நடுவுல மூளையில வலது பக்கம் சின்னதா ஒரு அடைப்பு வந்திருக்கு. அதான் முகத்துல இடது பக்கம் தளர்ந்திருக்கு. நெத்தி தப்பிச்சிடும், வாய்தான் மாட்டும். கை கால் ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லல."

"கேட்டீங்களா?"

மகள் நான்காம் வாரப் படத்தின்மேல் விரலை வைத்தாள்.

"அப்பவே வந்திருந்தா, டாக்டர்?"

"மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம்." அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மூச்சு அடங்கியபின் அம்மாவின் முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆனது. புருவ நடுவில் பதினொன்றும் இல்லை. சித்தி அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மகள் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். "இந்த நேரத்துல கேக்கறேன்னு நினைக்காதம்மா. அந்த இடது ஜாடி நல்லா வேலை செஞ்சுதுன்னு சொன்னியே…"

"இல்ல சார். எந்தக் கோடும் கரையல."

"இடது ஜாடியில எது இருந்துதுன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்."

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை சித்தி அம்மாவின் கைப்பையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டை, சில்லறை, நான்காக மடித்த ஒரு தாள். குடிநீர் அலுவலகத்தின் பழைய புகார்ப் படிவம். இந்த முறை முன்பக்கத்தில் எழுதியிருந்தாள், அதே நிமிர்ந்த கையெழுத்தில்.

*புகார்தாரர்:* நானேதான்.

*ஒழுகும் இடம்:* வாயின் இடது ஓரம். கொப்பளிக்கும்போது.

*எப்போதிலிருந்து:* மூன்றாம் ஞாயிறு கழிந்த வியாழன்.

*அளவு:* ஒரு ஸ்பூன்.

*பிற விவரம்:* இடது கை ஊக்கு மாட்ட மறுக்கிறது. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெடும்.

*எடுக்க வேண்டிய நடவடிக்கை:* எட்டாம் ஞாயிறு படம் முடிந்ததும், திங்கள் காலை எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்குவது.

அந்தத் திங்கள் முந்தின நாள்தான் போயிருந்தது.