சிவப்புப் புள்ளி வைத்த நோட்டு

அந்த நீள நோட்டு எப்போதும் என் டாக்சியின் டேஷ்போர்டுக்குள்தான் இருக்கும். மழையில் நனைந்துவிடுமோ என்று ஒரு பிளாஸ்டிக் உறை. உறை கிழிந்துவிடுமோ என்று மேலே இன்னொன்று. திறந்தால் தமிழ் எழுத்து, வாசித்தால் மலையாளம். எழுதியது நான். பேசியது அண்ணாச்சி.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரைக்கு வந்து, இங்கே கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கி, சுமை தூக்குகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவராகி, பிறகு எம்.எல்.ஏ. ஆனவர் அவர். மலையாளிகளுக்கும் அவர் அண்ணாச்சிதான். மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். அப்போது நான் அவருடைய டிரைவர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த ஏழும் மலையாளத்தில். தமிழ் எழுத்து வீட்டில் அம்மா சொல்லித் தந்தது. அதனால் மரத்தடியில் காரை நிறுத்தி அரசாங்கக் காகிதங்களை நான் வாசித்துச் சொல்வேன். அவர் தன் பேச்சை மலையாளத்தில் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு, சபைக்குக் கொண்டுபோக நல்ல தாளில் படியெடுத்துத் தருவேன்.

பயம் எனக்குக் கூடப்பிறந்தது. ஒன்பது மணிச் சபைக்கு ஆறரைக்கே அவர் வாசலில் நிற்பேன். “சட்டசபை எங்கயும் ஓடிப் போயிராதுலே, போய் சாயா குடி” என்பார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் காலனி. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். விலாசத்துக்கு ஆதாரம் இல்லையென்று யாருக்கும் ரேஷன் கார்டு கிடைக்கவில்லை. அதைப் பற்றிப் பேச அண்ணாச்சிக்கு ஒருநாள் நேரம் கிடைத்தது. முந்தின நாள் அவர் சொன்ன கடைசி வரி இது: ‘நானும் ஒரு பாண்டிதான், எனக்கு இந்தச் சபையில் நாற்காலி தந்த நீங்கள், அவர்களுக்கு ஒரு கார்டு தரக் கூடாதா?’ பாண்டி என்பது எங்களைக் கேலி செய்ய இங்கே சொல்லும் வார்த்தை. நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

“அது வேண்டாம் அண்ணாச்சி. எல்லாரும் சிரிப்பாவ.”

“சிரிக்கட்டும். எழுதுலே.”

நோட்டில் எழுதினேன். படியெடுக்கையில் அந்த வரிக்கு வந்ததும் கை நகரவில்லை. விட்டுவிட்டேன்.

மறுநாள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி தாளின் அடிக்கு வந்து நின்றார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை. “எந்தா அண்ணாச்சி, கடலாசு தீர்ந்நு போயோ?” என்று எதிர்வரிசையில் ஒருவர் கேட்க, தாள் தீர்ந்துபோனதைச் சொல்லிச் சபையே சிரித்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அந்த வரியை ஒரு சொல் குறையாமல் மெதுவாகச் சொன்னார். பாண்டி என்ற சொல்லுக்குப் பின்னால் சிரிப்பு வராததை என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன்.

ஆனாலும் பேச்சை மறந்து அவர் தடுமாறியதாக ஒரு பத்திரிகையில் கேலித் துணுக்கு வந்தது. கட்சிக்காரர்கள் கேட்டபோது, “வயசாகுதுல்லா, மறந்துட்டேன்” என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காரில் ஏறிய பிறகுதான் கேட்டார்.

“பயந்துட்டியோ?”

“வேலையை விட்டு நின்னுக்கிடுதேன் அண்ணாச்சி.”

“வண்டிய யாரு ஓட்டுவா, உங்கப்பனா? இனிமே எதையும் விடாத. எந்த வரிய எழுதும்போது பயம் வருதோ, அதுக்குப் பக்கத்துல ஒரு செவப்புப் புள்ளி வை. அங்கதான் நான் நிதானமாப் பேசணும்.”

அதற்குப் பிறகு நோட்டு முழுக்கப் புள்ளிகள். வீட்டில், பள்ளிக்கூடத்தில், எல்லோரும் என் பயத்தைத் திட்டியிருக்கிறார்கள். அதற்கு ஒரு வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். கார்டு வர இரண்டு மழைக்காலம் ஆனது. அதில் அம்மா பெயரை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அண்ணாச்சி போய் ஒரு மாதம் ஆகிறது. இன்று சங்க அலுவலகத்தில் நினைவுக் கூட்டம்; டிரைவரும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருக்கிறேன். மூன்று சுலபமாக வந்துவிட்டன. நாலாவது: ‘அன்று அண்ணாச்சி மறக்கவில்லை, அந்த வரியை விட்டது நான்.’ பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

கூட்டம் பத்து மணிக்கு. மணி ஏழுதான் ஆகிறது. நான் அலுவலக வாசலில் வந்து நிற்கிறேன். நோட்டு உறைக்கு வெளியே, கையில் இருக்கிறது. நிதானமாகப் பேச வேண்டும்.