மான் தின்ற கொப்பி

புத்தகக் கடை வைத்திருப்பவனுக்கு வருடம் முழுக்க ஈ ஓட்டுகிற வேலைதான். புது வகுப்புத் தொடங்குவதற்கு முந்திய கிழமை மட்டும் அந்த ஈக்கும் கடைக்குள் நிற்க இடம் கிடையாது.

அந்தக் கிழமையில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய தாய் தகப்பன்மாரே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் படுவதை, இந்தப் பக்கம் கதிரையில் இருந்து நானும் படுகிறேன். திருகோணமலையில் துறைமுக வாசலுக்குப் போகிற வீதியில் என் கடை. படியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கப்பலின் புகைக்கூண்டு தெரியும், மறுபக்கம் மான் தெரியும். வெளியூர்க்காரர் சிரிக்க வேண்டாம். எங்கள் ஊரில் மான் காட்டுக்குள் ஒளிந்து திரிகிற சீவன் அல்ல. பஸ் நிலையத்தில் நிற்கும், மரக்கறிக் கடையில் நிற்கும், வாழைப்பழத் தோலும் கடதாசியும் தின்னும். யாராவது கோர்ன் அடித்தால் திரும்பிப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் படுக்கும்.

என்னை ஊரில் புளுகர் என்று சொல்வார்கள். மான் கதை அந்தக் கணக்கில் சேராது என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பிழையை மட்டும் அழிக்கும் றப்பர்

கடை திறந்த புதிது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பிள்ளை தகப்பனோடு வந்து அழிறப்பர் கேட்டாள். வெறும் வெள்ளை றப்பரை வெறுமனே எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "பிள்ளை, இது ஜப்பான் கப்பலில வந்தது. பிழையை மட்டும்தான் அழிக்கும். சரியான விடையில எவ்வளவு தேய்ச்சாலும் அசையாது" என்றேன். பிள்ளை அதைக் கைலேஞ்சியில் பொதிந்து கொண்டுபோனாள்.

தவணைப் பரீட்சை முடிந்த அன்று திரும்பி வந்தாள். கணக்குத் தாளில் எல்லா விடையையும் எழுதி முடித்து, சரிதானா என்று பார்ப்பதற்கு ஒவ்வொன்றிலும் றப்பரைத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். தாள் வெள்ளை வெளேரென்று ரீச்சரிடம் போயிருக்கிறது. அழப்போகிறாள் என்று பயந்து நான் இனிப்புப் போத்தலைத் திறந்தேன். அவள் அழவில்லை. றப்பரை மேசையில் வைத்து, நிதானமாகக் கேட்டாள்: "மாமா, என்ர விடை எல்லாம் பிழையோ, இல்லாட்டி நீங்கள் சொன்னது பிழையோ?"

சுறா விழுங்கின பை

இனி இந்த வருடத்துக் கதை. ஜெயந்தி என்று ஒரு பிள்ளை. அவளுடைய புருசனுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் வெவ்வேறு வயது. கடைசிப் பொடியன் கபிஷன் முதலாம் ஆண்டு போகப் போகிறான். அவன் கடைக்குள் வந்ததுமே பஸ் படம் போட்ட ஒரு பெரிய பையைப் பிடித்துக்கொண்டான். முதுகில் மாட்டிவிட்டால் பின்னால் நின்று பார்க்கிறவருக்குப் பையும் இரண்டு குதிக்காலும்தான் தெரியும், பிள்ளை இல்லை.

தாய்க்குச் சின்னப் பை வேண்டும், பிள்ளைக்குப் பஸ் வேண்டும். நான் சின்னப் பையைத் தூக்கிக் காட்டினேன். "தம்பி, இதே மாதிரி ஒரு பை மூதூர் லோஞ்சில இருந்து கடலுக்குள்ள விழுந்தது. ஒரு சுறா அதை விழுங்கிப் போட்டுது. பிறகு அந்தச் சுறா இலங்கைத்துறையில வலையில பட்டுது. வயித்தை வெட்டினால் உள்ளுக்குப் பை, பைக்குள்ள கொப்பி, ஒரு எழுத்துக்கூட நனையேல்ல." கடையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. பொடியன் சிரிக்கவில்லை. பஸ் பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்: "அந்தச் சுறா எத்தினையாம் ஆண்டு படிச்சது தாத்தா?"

ஒரு பேனைக்கு ஒரு பின்னேரம்

மூத்தவள் நிலானி ஏ.எல்., அதாவது பன்னிரண்டாம் ஆண்டு, தொடங்குகிறாள், உயிரியல் பிரிவு. அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சாமான் கொடுப்பது கஷ்டம், ஏனென்றால் அவர்களுக்கு ஒன்றுமே வேண்டாம். படம் வேண்டாம், நிறம் வேண்டாம், கொப்பிக்கு உறை வேண்டாம். ஒரு கறுப்புக் கோவை, அதற்குள் வைக்கிற தாள், ஒரு பேனை. ஆனால் அந்த ஒரு பேனையைத் தெரிவதற்கு ஒரு பின்னேரம் போகும்.

நிலானி ஒவ்வொரு பேனையாக எடுத்துத் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். பெயருக்கு முன்னால் 'டொக்டர்' என்று எழுதி, நான் பார்க்கிறேன் என்று கண்டதும் வெட்டிவிட்டாள். எனக்கு அது போதாதா? "தங்கச்சி, இந்தப் பேனையாலதான் எங்கட ஆசுப்பத்திரிப் பெரிய டொக்டர் முதன்முதல் மருந்துத் துண்டு எழுதினவர்" என்று ஒன்றை நீட்டினேன். அவள் அதை வாங்கி, பார்த்து, திருப்பித் தந்தாள். "டொக்டர் எழுதின பேனை வேண்டாம் தாத்தா. எழுதினதை ஆக்கள் வாசிக்கக்கூடிய பேனை ஒண்டு தாங்கோ."

நடுவிலாள்

மூத்ததற்கும் கடைசிக்கும் நடுவில் ஒரு பெட்டை, தர்ஷினி, நாலாம் ஆண்டு. இவ்வளவு நேரமும் கடைக்குள்தான் நின்றாள் என்றாலும் நானே கவனிக்கவில்லை. அக்காவின் பழைய பை அவளுக்கு. அதன் சிப் பாதிவழியில் நின்றுவிடும். மிச்சத்துக்கு ஒரு ஊசி குத்தியிருந்தார்கள். தம்பியின் கொப்பிகளுக்குப் படம் போட்ட பிளாஸ்ரிக் உறை. இவளுடைய கொப்பிகளுக்குப் பிறவுண் பேப்பர்.

பிறவுண் பேப்பர் உறை போடுவது என் கடையில் இனாம். பசை நானே காய்ச்சுவது: கோதுமை மா, சுடுதண்ணீர், புளிக்காமல் இருக்க நிலாவெளி உப்பு ஒரு பிடி. அந்த உப்பை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தானாகவே வந்து தாளின் மூலையைப் பிடித்துத் தந்தாள், நான் மடித்து ஒட்டினேன். "உனக்கு என்ன பிள்ளை வேணும்?" என்று கேட்டேன். முறைப்பாடு போலக்கூட இல்லை, செய்தி சொல்வது போலச் சொன்னாள்: "அக்கா பாவிச்சு முடிஞ்சால் எனக்கு வரும் தாத்தா. அவ முடிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்."

சாட்சிக்காரன்

வகுப்புத் தொடங்கி மறுகிழமை. தர்ஷினியின் ரீச்சர் 'எனது விடுமுறை' என்று கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தா. நன்றாக எழுதியதைக் காலைக் கூட்டத்தில் வாசிக்க விடுவாவாம். பிள்ளை அழித்து அழித்து எழுதினாளாம். அக்கா எழுதி முடித்த கட்டுரை என்று ஒன்று இல்லையே, இது அவளுடைய சொந்தச் சாமான். காலையில் என் கடைக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் தம்பியோடு ஓட்டோவுக்கு நின்றாள். தம்பி கையை உதறிக்கொண்டு வீதிக்கு ஓடினான். இவள் பையைக் கீழே போட்டுவிட்டு அவனைப் பிடிக்க ஓடினாள்.

அப்போது ஒரு கொம்பன் மான் வந்தது. சிப் பூட்டாத பை, குத்தின ஊசியும் கழன்றிருந்தது. உள்ளே மூக்கை விட்டு, இருந்ததுக்குள் உப்புக் கூடின கொப்பியாகப் பார்த்து இழுத்தது. முதலில் உறையை நக்கியது, பிறகு கட்டுரையில் தொடங்கியது. நான் கையில் அகப்பட்ட, கோடு கீறுகிற அடிமட்டத்தோடு ஓடினேன். மான் என்னைப் பார்த்தது, அடிமட்டத்தைப் பார்த்தது, சப்புவதை நிறுத்தவில்லை. நான் வீதியைக் கடந்து போவதற்குள் விடுமுறை முழுக்க முடிந்துவிட்டது. நடுக் கம்பியும் அட்டையில் ஒரு துண்டும் மிச்சம்.

வகுப்பில் பிள்ளை நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். "மான் திண்டதோ! ஆர் கண்டது?" என்று ரீச்சர் கேட்டா. "புத்தகக் கடைத் தாத்தா கண்டவர்" என்றதும் வகுப்பு முழுக்கச் சிரித்ததாம், ரீச்சரும் சேர்ந்து. பிறகு ரீச்சர், பொய் சொல்லுறது நல்ல பழக்கமில்லை என்று எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்துப் புத்தி சொல்லியிருக்கிறா. அடுத்த நாள் பிள்ளை பாயை விட்டு எழும்பவில்லை. இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரே பிடி. ஜெயந்தி கண் கலங்கிக் கடைக்கு வந்தாள். "நான் வந்து ரீச்சரிட்டச் சொல்லுறன் பிள்ளை, நான் கண்ணால கண்டனான்" என்று மேல்சட்டையைப் போட எழும்பினேன். அவள் இரண்டு கையாலும் மறித்தாள். "வேண்டாம் ஐயா! நீங்கள் வந்து சொன்னால் என்ர பிள்ளை பொய் சொன்னது உறுதியாயிடும்."

உண்மைக்கு உப்புப் போதாது

எனக்கு அந்தச் சொல் சுட்டது. வாழ்நாள் முழுக்கச் சுறாவையும் திமிங்கிலத்தையும் விற்றவனுக்கு ஒரு மானை விற்க முடியாதா? ஒருபடியாக ஜெயந்தியைச் சம்மதிக்க வைத்து, தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு இடைவேளை நேரம் பள்ளிக்கூடம் போனோம். கையில் ஒரு புதுக் கொப்பி, அவசரமாகக் காய்ச்சிய பசையில் பிறவுண் பேப்பர் உறை. மைதான வேலியோரம் மான்கள் நின்றன. எனக்குத் தைரியம் வந்தது.

ரீச்சர் மரத்தடியில் சீமெந்து வாங்கில் இருந்தா. பக்கத்தில் அவவின் பாடக்குறிப்புக் கொப்பி. அன்றைக்கு அதிபர் பார்க்கக் கேட்டிருந்தாராம். என்னைக் கண்டதும் எழும்பினா. "ஐயா, என்னைத் தெரியுதோ?" தெரியவில்லை. "பிழையை மட்டும் அழிக்கிற றப்பர்" என்றா. பின்னல் இல்லை, நரை விழுந்திருந்தது, ஆனால் அந்த நிதானம் அப்படியே இருந்தது.

என்றாலும் சொன்னேன். கூட்டாமல், குறைக்காமல், மான் வந்தது, தின்றது, போனது என்று. அலங்காரம் இல்லாமல் கதை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. பிறகு கொண்டுபோன கொப்பியை வாங்கின் ஓரத்தில் வைத்து, "இப்ப பாருங்கோ" என்றேன். ஒரு மான் வந்தது. மணந்தது. தும்மியது. தொடாமல் அங்கால் போனது. அப்போதுதான் நினைவு வந்தது, அவசரத்தில் நான் பசைக்கு உப்புப் போடவில்லை.

"கண்டீங்களோ ஐயா?" ரீச்சர் வாங்குக்கு முதுகு காட்டி நின்று எனக்குப் புத்தி சொல்லத் தொடங்கினா. "நீங்கள் பகிடிக்குச் சொல்லுறீங்கள், பிள்ளையள் அதை உண்மையாச் சொல்லப் பழகுதுகள்…" தர்ஷினி மெல்ல, "ரீச்சர், மான்…" என்றாள். "போதும் தர்ஷினி!" "இல்லை ரீச்சர், உங்கட…" "போதும் எண்டு சொன்னனான்!" அதற்குப் பிறகுதான் சப்புகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பாடக்குறிப்புக் கொப்பிக்கும் என் கடையிலேதான் உறை போட்டது. பள்ளிக்கூடக் காவலாளி போன கிழமை கொண்டுவந்து தந்தவன். அது நல்ல உப்புப் பசை.

ரீச்சர் பாய்ந்து இழுத்ததில் கையில் வந்தது பின்அட்டை மட்டும். அதைப் பார்த்தா. பிறகு அதிபரின் அறைப் பக்கம் பார்த்தா. பிறகு குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் துடைத்து, சட்டையின் கழுத்தைச் சரிசெய்துவிட்டு, "நான் உன்னை நம்பியிருக்க வேணும் அம்மா" என்றா. அதிபரிடம் நானும் கூடப் போகலாம் என்று ஒரு அடி வைத்தேன். ரீச்சர் திரும்பினா: "தர்ஷினி, நீ வந்து அதிபரிட்டச் சொல்லு, நீ சொன்னால் நம்புவார். ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், நீங்கள் இஞ்சையே நில்லுங்கோ!"

முதல் முறை

அதிபர் பிள்ளையை நம்பினாராம். காலைக் கூட்டத்தில் அவள் வாசித்தது விடுமுறையைப் பற்றி அல்ல, மானைப் பற்றி. சிரிப்பு வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, சிரித்து முடிய விட்டு வாசித்தாளாம். அந்தப் பின்னேரமே ஜெயந்தி அவளை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். "இண்டைக்கு இவதான் எடுக்கிறா. நான் வாயே திறக்கமாட்டன்" என்று ஒரு பக்கம் போய் இருந்தாள்.

பிள்ளை எல்லாப் பையையும் இறக்கச் சொன்னாள். அவசரமே படவில்லை. கடைசியில் ஒரு நீலப் பையில் கை வைத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கெட்டிக்காரி! இறக்கக்கண்டியில ஒரு யானை இந்தப் பையை மிதிச்சு…" என்று தொடங்கினேன். அவள் சிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்துக்கொண்டே கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "யானை இருக்கட்டும் தாத்தா. மான் மூக்கு விட ஏலாதெண்டு மட்டும் சொல்லுங்கோ, போதும்."

இத்தனை காலமும் நான் சொன்ன பொய்யையெல்லாம் சனம் சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனது. நான் சொன்ன ஒரேயொரு உண்மைக்குத்தான் ஒரு மான் வந்து தின்று காட்ட வேண்டியிருந்தது.