சர்வர் மேல் போட்ட பழி

எங்கள் கைத்தறிப் பட்டுப் புடவைகளுக்கு ஒரு சிறிய வலைத்தளம் தொடங்க, மூன்று சர்வர்களைப் பட்டியல் போட்டு மூன்று வாரம் ஒப்பிட்டேன். வேகம், வாடகை, பாதுகாப்பு. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று தெளிவாகப் பதிவு செய்யும் சர்வரையே தேர்ந்தெடுத்தேன். அம்மா மாதக்கணக்கில் வரைந்த புது பார்டர் டிசைன்களை, தீபாவளி விற்பனை வரை யாரும் பார்க்கக் கூடாதென்று, அதில் கடவுச்சொல் போட்டு வைத்தேன். அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டுமே தெரியும்.

தீபாவளிக்கு முன்பே அதே பார்டர் ஆரணிக் கடைவீதியில் விசைத்தறிப் புடவையில் தொங்கியது. அம்மா அன்று சாப்பிடவில்லை.

சர்வர் பதிவைத் திறந்தேன். என்னைத் தவிர உள்ளே வந்திருந்தது அப்பாவின் செல்போன் மட்டும்தான். அப்பாவிடமே கேட்டேன்.

“விசைத்தறி ஓனரு கேட்டுகினே இருந்தாரும்மா, பேஜாரா பூட்சு. சும்மா பாக்கறேன்னாரு. ஒண்ணு ரெண்டுதான் அனுப்பினேன்.”

“ஒண்ணு ரெண்டு இல்லப்பா, பதினேழு.”

அப்போது அம்மா வந்து, “யாருன்னு தெரிஞ்சுதாடி?” என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“சர்வர்ல ஓட்டை இருந்துச்சும்மா,” என்றேன் நான்.

“மூணு வாரமா பாத்துகினே இருந்தியே! இதானா நீ பாத்து எடுத்த லட்சணம்?”

அந்தப் பொய்யால் நானும் அம்மாவை ஏமாற்றியவள் ஆனேன்.

அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன். புதியது என்னவென்று அப்பா இதுவரை கேட்கவில்லை.