ஆணியில் தொங்கிய கோப்பை

அன்று கிராணியார் வீட்டுப் பின்வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர். கிராணியம்மா, என் அப்பா, ரொட்டிக்கார அண்ணன், நான். கட்டிப்போட்ட நாயைச் சேர்த்தால் ஐந்து. கிராணியார் உள்ளே இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய தோல் செருப்பு மட்டும் படியில் கிடந்தது. பேசிய நேரமெல்லாம் அந்தச் செருப்பையும், தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஆணியிலிருந்து எடுத்த என் எனாமல் கோப்பையையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோப்பை, விளிம்பில் நீலக் கோடு, பிடியில் எனாமல் பெயர்ந்து கறுத்த ஒரு புள்ளி.

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில், லகாட்டைத் தாண்டி இருந்த ரப்பர் தோட்டம் அது. கிராணியார் அதன் கணக்குப்பிள்ளை, கிராணியம்மா அவர் மனைவி. அம்மா இறந்த வருஷம் நான்காம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அடுத்த வாரமே கிராணியார் வீட்டு வேலைக்குப் போய்விட்டேன். முதல் நாள் கிராணியம்மா அந்தக் கோப்பையைக் கையில் கொடுத்து, “இதுதான் ஒன்னோடது. மத்ததத் தொடாத” என்றார். ஒன்பது வருஷம் அதில்தான் தேத்தண்ணீர் குடித்தேன். பிறகு, எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வீட்டு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். கிராணியம்மா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. “சம்பளத்த அப்புறமா வந்து வாங்கிக்க” என்றார். ஒன்றரை மாதச் சம்பளம். கோப்பையை எடுக்கக் கை போனது. எடுத்தால் கோபித்துக்கொண்டு போவதாக நினைப்பாரோ என்று ஆணியிலேயே விட்டுவிட்டேன். நான் அப்படித்தான். நடக்காததையெல்லாம் முன்கூட்டியே நினைத்துப் பயந்துவிடுவேன்.

ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து மூன்று வீடு தள்ளித்தான் ரொட்டிக்கார அண்ணன் குடியிருந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ரொட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தினமும் எங்கள் தோட்டம்வரை போய் வருவார். இரண்டாவது வாரம் அவருடைய ஊதுகுழல் என் வாசலில் வந்து நின்று ‘பாம் பாம்’ என்றது.

“தங்கச்சி, கிராணியம்மா வரச் சொன்னாங்க லா. சனிக்கெழம விருந்தாளுங்க வாராங்களாம். ஒன் சம்பளம் எடுத்து வெச்சிருக்காங்களாம்.”

போனேன். மீன் கழுவி, இடித்து, அரைத்து, மலைபோல் கிடந்த துணியைத் துவைத்து முடித்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. சம்பளம் கேட்டதற்கு, “சில்ர இல்லடி, அடுத்த வாட்டி வாங்கிக்க” என்றார். பத்து நாள் கழித்து மறுபடி ஊதுகுழல். மறுபடி போனேன். மறுபடி சில்லறை இல்லை. இடையில், ஊறுகாய் ஜாடி எங்கே, இஸ்திரிப் பெட்டியின் திருகாணி எங்கே என்று கேள்விகள் வேறு. இரண்டு சனிக்கிழமை வேலைக்கு வராததைச் சீன சூப்பர்வைசர் குறித்துவைத்திருந்தாள். இன்னும் ஒரு தடவை ச்சுத்தி, அதாவது லீவு, போட்டால் வேலை ஹாபிஸ், தீர்ந்தது என்று மலாயில் சொல்லி, கையால் கழுத்தை அறுப்பதுபோலக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று இன்று கேட்பார்கள். அப்பா அந்தத் தோட்டத்தில்தான் பால் வெட்டிக்கொண்டிருந்தார், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில்தான் இருந்தார். விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டில் யாருக்கு எந்த மரம், யாருக்குச் சமவெளி, யாருக்கு மேடு என்பதெல்லாம் கிராணியார் பேனாவில் இருந்தது. அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காது.

மூன்றாவது சேதி வந்தபோது அண்ணனை வாசலிலேயே நிறுத்தினேன். “வரலேன்னு சொன்னா, அப்பாவ மேட்டு வெட்டுக்குப் போட்டுடுவாங்களா அண்ணே?” என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “எனக்கு மட்டும் பயமில்லையா? அந்த அம்மா ஒரு வார்த்த சொன்னா நாளைக்கு என் பெட்டி கேட்டத் தாண்டாது. பழைய ரொட்டின்னா பேக்கரியில திருப்பிக் குடுத்துடுவேன். சேதிய எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கிறது, சொல்லு?”

மறுநாள் தேநீர் இடைவேளை. தொழிற்சாலையில் ஒவ்வொருத்தியின் கோப்பையும் பலகையில் வரிசையாக இருக்கும். நான் மட்டும் போத்தல் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தையல் மெஷின்காரி, “ஒன் கோப்ப எங்கடி?” என்றாள். முன்பு வேலை செய்த வீட்டில் இருக்கிறது என்றேன். “அப்ப நீ இன்னும் அங்கதான் வேல பாக்குற. இங்க சும்மா விருந்துக்கு வந்திருக்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மூடியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் கேலிக்குச் சொன்னாலும் உள்ளது அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லகாட்டுக்கு பஸ் ஏறினேன். லயத்தில் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்; அவர் கூட வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். பின்வாசலில் ரொட்டிக்கார அண்ணன் பன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியா? மீனு அப்படியே கெடக்கு பாரு” என்றார் கிராணியம்மா.

நான் நேராகக் குழாயடிக்குப் போனேன். கோப்பைக்குள் ஒரு சிலந்தி கூடு கட்டியிருந்தது. கழுவிக் கையில் வைத்துக்கொண்டேன். “இத எடுத்துக்கிட்டுப் போறேம்மா. இனிமே எனக்குச் சேதி அனுப்பாதீங்க.” என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. நாய்கூட எழுந்து நின்றது.

“சம்பளம் வேணாமா?” உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். “பாதி இப்ப வாங்கிக்க. மீதி சனிக்கெழம.” பிறகு மெல்லிய குரலில், “நீயும் போயிட்டா இந்த வூட்டுல எனக்கு யாருடி இருக்கா?” என்றார்.

கை பணத்தை நோக்கி நீளப்போனது. அதற்குள் அப்பா பேசினார். அந்தப் படியில் நின்று அவர் பேசி நான் கேட்டதே இல்லை. “வேணாம்மா. அது இங்கயே இருக்கட்டும்.”

கிராணியம்மாவின் முகம் சிவந்தது. ரொட்டிக்காரர் பக்கம் திரும்பி, “ஒனக்கென்ன வேல இங்க?” என்றார்.

“நாலு பன்னுக்குக் காசும்மா.”

பன்னுக்குக் காசு அவர் எப்போதும் மாதக் கடைசியில்தான் வாங்குவார். எங்களைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்றுதான் அன்று நின்றார். பிறகு தோட்டத்து கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார். அது கிளம்பவே இல்லை; பயத்தில் சாவியைப் போட மறந்திருந்தார்.

அதன்பின் சேதி வரவில்லை. பயம் போனதா என்றால், இல்லை. ஒவ்வொரு நாளும் ஊதுகுழல் என் வாசலைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். “அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்டால், “நல்லா இருக்காரு லா” என்பார் அண்ணன்.

அப்பா இறந்து பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான் அண்ணன் உண்மையைச் சொன்னார். கோப்பையை எடுத்துவந்த மறுவாரமே அப்பாவை மேட்டு வெட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். எட்டு மாதம் அந்தக் காலோடு ஏறி இறங்கியிருக்கிறார். “ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு தங்கச்சி.” தோட்டத்திலிருந்து அவர் எனக்குக் கொண்டுவராமல் விட்ட ஒரே சேதி அதுதான்.

போன மாதம் என் மகள் வேலை மாறினாள். பழைய முதலாளி கைப்பேசியில் விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டே விரலால் ஒருமுறை அழுத்தி அவர் எண்ணைத் தடுத்துவிட்டாள். “அவ்ளோதானா?” என்றேன். “அவ்ளோதாம்மா” என்றாள். அன்று இரவு நான்தான் தூங்கவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. கோப்பை என் சமையலறையில் இருக்கிறது. ஆணியில் மாட்டுவதில்லை, மேசைமேல்தான் வைப்பேன். இதில் குடிக்கும்போது சில நாள் அந்தச் செருப்பு நினைவுக்கு வரும். கிராணியார் வீட்டிலிருந்து எனக்கு இன்னும் வரவேண்டியது ஐம்பத்திரண்டு வெள்ளி ஐம்பது காசு.